வளவுச் சுவருக்கு ஒரு மேட் தாள்: கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் சிறிய பிரிண்ட் அறை ஒன்று நடத்துகிறேன். ஆடி மாதக் கடைசியில், கானாடுகாத்தானை ஒட்டிய ஓர் ஊரைச் சேர்ந்தவர் வந்தார். சென்னையில் வேலை பார்ப்பவர். பூர்வீக வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொது. இரண்டாங்கட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி ஒழுக ஆரம்பித்துப் பல வருடமாகிறது. செப்பனிட ஆளும் இல்லை, செலவுக்கு ஒருமித்த கருத்தும் இல்லை. தை பிறந்ததும் அந்தப் பகுதியை மட்டும் பிரித்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். பிரிக்கிற வீட்டின் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சாய்ந்து நிற்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சிதான். அதற்கு முன்பு அந்தப் பகுதியைப் படமெடுத்து, மிச்சமிருக்கும் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், மாட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

மொத்தம் 18 படங்கள். பதினொன்றை நான் புதிதாக எடுக்க வேண்டும். மற்ற ஏழும் வீட்டில் இருந்த பழைய படங்கள். ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த பாட்டனார் படமும் இரண்டு கல்யாணப் படங்களும் அதில் அடக்கம். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் தொங்கப் போவதால் புதியவையும் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். புதியவை ஏ2 அளவு, பழையவை ஏ3.

வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் அவருடைய பெரியாத்தா மட்டும். எண்பதைத் தாண்டியவர். நானும் வேலையாட்களும் "ஆச்சி" என்றே அழைத்தோம். இந்த வேலையில் மிகச் சரியான இரண்டு குறிப்புகளைச் சொன்னவர் அவர்தான். இரண்டையும் நான் கேட்டது, ஆறு பிரிண்ட்டுகளை வீணாக்கிய பிறகு.

மேட் என்று முடிவானது

மேட்டா (பளபளப்பில்லாத தாளா) பளபளப்பா என்ற கேள்விக்கு வீடே பதில் சொல்லிவிட்டது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர், கிளிஞ்சல் சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கையை வைத்தால் பீங்கானைத் தொட்டது போல வழுக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல். நடுவில் வானம் பார்த்த வளவு வாசல். வெளிச்சம் மேலேயிருந்து இறங்கி, தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்து நாலு பக்கமும் போகிறது.

என்னிடம் ஏற்கெனவே இருந்த, பளபளப்பு வகையான பாரைட்டா தாள் பிரிண்ட் ஒன்றைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். படத்துக்குள் வானமும் கம்பி வலையும் தெரிந்தன. இரண்டடி நகர்ந்தால் எதிர்த் தூண் தெரிந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

மேட் தாளுக்கு ஒரு விலை உண்டு, அதையும் அவரிடம் முதலிலேயே சொன்னேன். மேட் பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். முழுக் கறுப்பு விழுந்த இடத்திலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் நம் கண்ணுக்குத் திரும்பி வரும். அடர்த்தி அளவில் சொன்னால், நல்ல மேட் தாளில் கறுப்பு 1.6, 1.7 என்ற அளவில் நிற்கும். பாரைட்டா தாளில் 2.2-ஐத் தாண்டும். இது மடக்கைக் கணக்கு என்பதால் எண்ணில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் கண்ணில் பெரிது. 1.6 என்றால் விழுந்த ஒளியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு திரும்புகிறது. 2.3 என்றால் அரைப் பங்குதான்.

இதைக் குறையாக நான் நினைப்பதில்லை. 1873-இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற பிளாட்டினம் பிரிண்ட்டும் மேட்தான். அதன் கறுப்பு இன்றைய மேட் இங்க்ஜெட் கறுப்பைவிட ஆழம் குறைந்தது. ஆனாலும் அதன் சாம்பல் நிறப் படிகளுக்காகவே இன்றும் அதைத் தேடிச் செய்கிறார்கள். கறுப்பின் ஆழம் குறையும்போது சாம்பலை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் அடுத்த கட்டத்தில் தவறினேன்.

முதல் தாளும் அதற்கான காரணமும்

என்னிடம் இருப்பது எப்சன் பி900 பிரிண்டர். 17 அங்குல அகலத் தாள் வரை போடலாம். மேட் கறுப்புக்கும் போட்டோ கறுப்புக்கும் தனித்தனித் துளைகள் இருப்பதால், பழைய மாடல்களைப் போல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது இங்க் வீணாவதில்லை. மேட் தாளுக்கு மேட் கறுப்புதான் போட வேண்டும். போட்டோ கறுப்பைப் போட்டால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிடும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். பளபளப்புத் தாளில் மேட் கறுப்பு ஒட்டாமல் கையோடு வரும்.

முதலில் எடுத்தது மரக்கூழில் செய்த, நல்ல வெள்ளையான, 230 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேட் தாள். கண்காட்சிப் பிரிண்ட்டுகளுக்கு அதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். மூன்று காரணங்கள் சொல்லிக்கொண்டேன். சுவர் வெள்ளை, ஆகவே தாளும் நல்ல வெள்ளையாக இருக்கட்டும். கறுப்பின் ஆழம் குறைவு, ஆகவே வெள்ளையையாவது ஏற்றினால் படம் எடுப்பாக இருக்கும். பருத்தித் தாளின் விலை இதைப்போல மூன்று மடங்குக்கு மேல், ஆகவே வாடிக்கையாளருக்குச் செலவு குறையும்.

மூன்றும் என் அறையில், என் மேசை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து எடுத்த முடிவுகள். அந்த வீட்டுச் சுவரின் வெள்ளை எப்படிப்பட்ட வெள்ளை என்று நான் பார்க்கவே இல்லை.

சுவரில் கண்டது

ஆவணியில் ஆறு படங்களை ஏ2 அளவில் அடித்து எடுத்துப்போனேன். ஏற்கெனவே இருந்த ஆணிகளில் கிளிப் போட்டு மாட்டினோம். காலை 11 மணி. வளவு வாசலில் முழு வெளிச்சம்.

ஆச்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் நல்லா இருக்கு தம்பி. ஆனா வீடு நீலம் போட்டு அலசின மாதிரில்ல இருக்கு?"

நான் அதைப் பார்க்கவில்லை. அவர் சொன்ன பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை. சுவரின் வெள்ளை பழுத்த வெள்ளை, லேசாகப் பாலாடை நிறம். அதன் நடுவே ஆறு தாள்களும் நீலமடித்துத் தனியாக நின்றன. படத்தில் இருப்பது அதே சுவர் என்பதால் வித்தியாசம் இன்னும் உறுத்தியது.

ஒரு சந்தேகம் வந்தது. ஆச்சிக்குக் கண்புரை அறுவை நடந்து அதிக நாள் ஆகவில்லை. பழுப்பேறிய கண்வில்லையை எடுத்த பிறகு நீலம் தூக்கலாகத் தெரிவது இயல்பு. அதனால் சொல்கிறாரோ என்று, அவருடைய தம்பி மகனிடம் தனியாகக் கேட்டேன். அவரும் நீலம் என்றே சொன்னார்.

அன்று இரவு அங்கேயே தங்கினேன். எட்டு மணிக்கு எல்இடி விளக்கில் பார்த்தபோது அதே தாள்கள் மங்கி, லேசாகப் பழுப்பாகத் தெரிந்தன. பகலில் நீலம், இரவில் பழுப்பு. சுவர் இரண்டு வேளையிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தது.

இரண்டாவது குறிப்பு மறுநாள் காலை வந்தது. அடுப்படிக்குப் போகும் பத்தியை (தூண்கள் நிற்கும் நடையை) எடுத்த படத்தின் முன் ஆச்சி வெகுநேரம் நின்றார். "இந்த மூணாவது தூண்ல ஒரு ஆணி இருக்குமே தம்பி. எங்க மாமியா அதுலதான் அரிக்கேனை மாட்டுவாக. அது எங்க?"

படத்தில் ஆணி இல்லை. மூன்றாவது தூணே இல்லை என்று சொல்வதுதான் நேர்மை. தேக்குத் தூணும் அதன் பின்னால் இருந்த இருட்டும் ஒரே கறுப்புத் திட்டாகிப் போயிருந்தன. நேரே போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. துருப்பிடித்து, புகைக்கறை சுற்றிப் படிந்து, தலை லேசாக வளைந்த ஆணி. அறைக்குத் திரும்பி மூலக் கோப்பைத் திறந்தால் அதிலும் தெளிவாக இருந்தது. கேமரா பிடித்ததைத் தாளில் நான் தொலைத்திருக்கிறேன்.

நீலத்தின் காரணம்

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி, இருட்டறையில் தாளின் மேல் காட்டினேன். தாள் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வூட்டிதான் அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தரும். சலவைத் தூளிலும் இந்த வகைப் பொருளைத்தான் போடுகிறார்கள். ஆச்சி சொன்ன உவமை காரணத்துக்கு வெகு அருகில் இருந்தது.

வளவு வாசலில் வானத்திலிருந்து நேராக இறங்கும் வெளிச்சத்தில் புற ஊதா நிறைய இருக்கிறது. ஆகவே பகலில் தாள் நீலமாகக் கொதிக்கிறது. வீட்டு எல்இடி விளக்கில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. ஆகவே இரவில் ஒளிர்வு அணைந்து, அடித்தாளின் சொந்த நிறம் வெளியே வருகிறது. என் மேசை விளக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

இதைவிடக் கவலை தருவது, இந்த ஒளிர்வூட்டி நாள்பட நாள்பட வெளிச்சத்தில் சிதைந்து செயலிழக்கும் என்பது. அப்போது தாள் பழுப்பாகும். அதைத் தடுக்கப் புற ஊதாவை வடிகட்டும் கண்ணாடி போட்டால், முதல் நாளிலிருந்தே ஒளிர்வு போய்விடும். எப்படிப் பார்த்தாலும் அந்த வெள்ளைக்குக் கொடுத்த காசு அந்த வீட்டில் நிற்காது.

ஆறு பிரிண்ட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்கு வாடிக்கையாளரிடம் பணம் வாங்கவில்லை.

நான்கு தாள், ஒரு ஆணி

புரட்டாசியில் தேர்வை முதலிலிருந்து தொடங்கினேன். பழைய தாளோடு மூன்று புதிய தாள்கள். கான்சன் ராக் போட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, வழவழப்பானது. ஹானெமூலே வில்லியம் டர்னர் 310, இதுவும் பருத்தி, நீர்வண்ண ஓவியத் தாளைப் போலச் சொரசொரப்பானது. ஹானெமூலே பேம்பூ 290, பத்தில் ஒன்பது பங்கு மூங்கில் நார், மிச்சம் பருத்தி, நிறம் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. மூன்றும் ஊதா விளக்கில் இருண்டே கிடந்தன.

பெரிய பிரிண்ட் போடவில்லை. ஏ4 அளவில் ஒவ்வொரு தாளிலும் நான்கு துண்டுகளைச் சேர்த்து அடித்தேன். மூன்றாவது தூணும் ஆணியும் உள்ள பகுதி, பாட்டனார் முகம், வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவர், அதோடு கறுப்பிலிருந்து வெள்ளை வரை 21 படி கொண்ட சாம்பல் பட்டை. தாளின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி, முன்பக்கம் எதுவும் எழுதாமல் வைத்தேன். பத்தி, பட்டாலை (கூடம்) உட்சுவர், முகப்பு என்று மூன்று இடங்களில் ஒட்டி, காலை 7, பகல் 11, மாலை 4, இரவு 8 என நான்கு வேளை பார்த்தோம். பார்த்தவர்கள் ஆச்சி, அவருடைய தம்பி மகன், நான். பேர் தெரியாமல் பார்க்க வேண்டும் என்று அவர்கள் இருவரிடமும் சொன்னேன். எனக்குத் தெரியும் என்பதால் என் கருத்தைக் கடைசியில் சொன்னேன்.

வில்லியம் டர்னர் முதலில் விழுந்தது. தாள் அழகானது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தப் படங்களில் விஷயமே பரப்புதான்: தேக்கின் ரேகை, நிலைவாசல் செதுக்கல், சுண்ணாம்புப் பூச்சில் ஓடும் மயிர்க்கோடு. தாளின் சொரசொரப்பு அவற்றின் மேல் தன் ரேகையை ஏற்றியது. மாலை நான்கு மணிச் சாய்வெளிச்சத்தில் செதுக்கல் எது, தாள் எது என்றே பிரிக்க முடியவில்லை. மூடுபனியும் வயல்வெளியுமாக ஒரு படம் வந்தால் அந்தத் தாளைத்தான் எடுப்பேன்.

பேம்பூ பாட்டனார் முகத்துக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. பழைய படங்களை அதிலும் புதியவற்றை ராக் தாளிலும் அடிக்கலாமே என்று வாடிக்கையாளர் கேட்டார். நியாயமான ஆசை. நான் மறுத்தேன். ஒரே சுவரில் இரண்டு தாள்வெள்ளை தொங்கினால் கண் அதையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் ஃபோன் செய்து, "நீங்க சொன்னதுதான் சரி, பழசு அழுக்காத் தெரியுது" என்றார்.

ராக் போட்டோகிராஃபிக் நான்கு வேளையிலும் சுவரோடு ஒத்துப்போனது. பகல் 11 மணிக்கு அதன் வெள்ளை சுவரின் வெள்ளைக்கு ஓர் இழை மேலே நின்றது. படத்துக்கு அவ்வளவு போதும். ஆனால் ஆணி அதிலும் தெரியவில்லை. ஆணியைத் தொலைத்தது தாள் அல்ல என்று அப்போதுதான் உறுதியானது.

கறுப்புக்குள்ளே இறங்கியது

சாம்பல் பட்டையை வெயிலில் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பக்கம் முதல் நான்கு படிகள் ஒன்றாகக் கிடந்தன. நான் பயன்படுத்தியது எப்சனின் கறுப்பு வெள்ளைக்கான தனி முறை. அதில் கறுப்பு, இளங்கறுப்பு, இன்னும் இளங்கறுப்பு மூன்றும்தான் பெரும்பகுதி வேலையைச் செய்யும். வண்ண இங்க் சாயலைச் சரிசெய்யும் அளவுக்கு மட்டும் சேரும். அதனால் வெயிலுக்கும் விளக்குக்கும் இடையே சாம்பல் பச்சையாகவோ செவ்வூதாவாகவோ திரும்பும் தொல்லை குறைவு. இரண்டு விதமான வெளிச்சம் உள்ள வீட்டுக்கு அது முக்கியம் என்பதால் அந்த முறையை விடவில்லை. ஆனால் அது தாளின் ஐசிசி புரொஃபைல் (தாளுக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பு) வழியாகப் போவதில்லை. இருட்டுப் படிகள் எப்படி விழும் என்பதை நாமேதான் அடித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். முதல் தாளில் நான் அதைச் செய்யாமல், திரையை நம்பினேன்.

திரையும் ஏமாற்றியது. என் திரையின் வெளிச்சம் அறைக்கு மிக அதிகம். அதில் ஆணி பளிச்சென்று தெரிந்ததால் தாளிலும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். திரையின் ஒளியை, பக்கத்தில் வைத்த வெற்றுத் தாளின் வெள்ளையோடு ஒத்துப்போகும் வரை குறைத்தேன். தாள், இங்க் இரண்டையும் பாவனை செய்து காட்டும் முன்பார்வையைப் போட்டதும் படம் சப்பென்று ஆனது. அந்தச் சப்பைதான் மேட் தாளின் நிஜம். அதைப் பார்த்துக்கொண்டேதான் திருத்த வேண்டியிருந்தது.

இங்க் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது. ஒரு துண்டில் கூட்டினேன். கறுப்பு ஆழமாகவில்லை, இன்னும் இரண்டு படிகள் சேர்ந்து அடைந்துபோயின. மேட் தாள் ஓர் அளவுக்கு மேல் இங்க்கை வாங்காது. பிறகு எதிர்வழியில் போனேன். அடர் நிழல்களை, மென்பொருளில் இருளையும் வெளிச்சத்தையும் மாற்றும் வளைகோட்டில் மெதுவாகத் தூக்கினேன். முழுக் கறுப்பை ஒவ்வொரு படத்திலும் ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும் விட்டேன்: கதவிடுக்கு, தூணின் அடிக்கல் விளிம்பு. தூணுக்கும் பின்னிருட்டுக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசத்தை அந்த இடத்தில் மட்டும் கூட்டினேன். நிழல் வெளுத்தபோதும், அருகில் நிஜக் கறுப்பு ஒரு கோடு இருந்ததால் மொத்தப் படமும் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

ஒன்பதாவது துண்டில் ஆணி வந்தது. பத்தியில் ஒட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றேன். ஆச்சி கிட்டே வந்து விரலால் அந்த இடத்தைத் தொடப் போனார். நான் தடுக்கவில்லை. மேட் கறுப்பில் விரல் தடம் விழுந்தால் போகாது என்பது தெரியும். அது துண்டுத் தாள்தானே.

அதற்குப் பிறகு 18 படங்களுக்கும் அதுவே அளவுகோல். ஒவ்வொரு படத்திலும் அந்த வீட்டுக்காரர் தேடக்கூடிய ஒரு சிறு பொருளை இருட்டுப் பகுதியிலிருந்து ஆச்சியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மாடக்குழி, பெட்டகத்தின் பூட்டு, கதவில் கரித்துண்டால் போட்ட கணக்குக் கோடு. அது மாலை நான்கு மணிக்குப் பட்டாலையில் தெரிந்தால்தான் பிரிண்ட் தேறியதாகக் கணக்கு.

பழைய படங்களுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றுவதில்லை என்றும் முடிவு செய்தோம். அவை பழுத்தது காலத்தால். நான் ஏற்றினால் அது வேஷம்.

ஐப்பசியில் அடித்தது

இறுதிப் பிரிண்ட் ஐப்பசியில் விழுந்தது, அது கெட்ட நேரம். மழை பிடித்துக்கொண்டது. பருத்தித் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் அலைபோல நெளிந்தது. மூன்றாவது ஏ2 தாளின் விளிம்பில் பிரிண்டர் தலை உரசிக் கறுப்புக் கோடு போட்டது. வேலையை நிறுத்தினேன். ஏசி போட்டு அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தாளைப் பொட்டலத்தோடு ஒரு நாள் முழுக்க அறையில் பழகவிட்டேன். தலைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியைத் தடித்த தாளுக்கான அளவில் வைத்தேன். அதன் பிறகு உரசவில்லை.

இன்னொரு தொல்லை பஞ்சுத் தூள். பருத்தித் தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நார் ஒட்டியிருக்கும். இங்க் அதன் மேல் விழுந்து, பிறகு நார் உதிர்ந்தால் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளி நிற்கும். தேக்குத் தூணில் இப்படி ஒரு புள்ளி விழுந்து ஒரு தாள் போனது. பிறகு ஒவ்வொரு தாளையும் ஏற்றுமுன் மெல்லிய மயிர்த்தூரிகையால் சரித்துத் தட்டினேன்.

அடித்த பிரிண்ட்டுகளைத் தனித்தனியே பரப்பி, ஒரு நாள் கழித்து, நடுவில் அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்து அடுக்கினேன். உதவிக்கு வந்த பையன் மேல் தாளைத் தூக்காமல் இழுத்துவிட்டான். ஒரு கல்யாணப் படத்தில் கறுப்பின் மேல் உராய்வுத் தடம் விழுந்தது. மேட் பரப்பை ரப்பரோ துணியோ கொண்டு சரிசெய்ய முடியாது. மறுபடி அடித்தேன். அவனுக்கு முன்பே சொல்லிக் கொடுக்காதது என் பிழை.

சட்டமும் சாய்வும்

கண்ணாடி போடாமல் விட்டால்தான் மேட் தாளின் முழுப் பலன். ஆனால் அந்த வீட்டில் புறா இருக்கிறது, வெள்ளிப்பூச்சி இருக்கிறது, ஒட்டடை அடிக்கும் கம்பு இருக்கிறது. கண்ணாடி வேண்டும் என்று முடிவு செய்தேன். எதிரொளி தராத அக்ரிலிக் எல்லாவற்றுக்கும் கட்டுப்படியாகவில்லை. வளவு வாசலை நேராகப் பார்க்கும் நான்கு படங்களுக்கு மட்டும் அதைப் போட்டு, மற்றவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடி.

சட்டம் போடுபவர் வழக்கம்போல ஹார்ட்போர்டில் வெள்ளைப் பசை தடவி ஒட்டப் போனார். நீண்ட நாள் பழக்கம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பசையிலும் பலகையிலும் உள்ள அமிலம் தாளைப் பழுக்க வைக்கும் என்று விளக்கி, அமிலமில்லாத பருத்தி அட்டையில், மேல் விளிம்பில் மட்டும், ஜப்பான் தாள் கீல் இரண்டு வைத்து, கோதுமை ஸ்டார்ச்சுப் பசையில் தொங்கவிடச் சொன்னேன். தாள் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும், நாலு பக்கமும் ஒட்டினால் குமிழும். கண்ணாடி பிரிண்ட்டைத் தொடாதபடி ஜன்னல் அட்டை வைத்தோம். அந்த அட்டையையும் தாளோடு ஒத்த வெள்ளையில், ஊதா விளக்கில் ஒளிராததாகப் பார்த்து எடுத்தேன். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டி, மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவரிலிருந்து இடைவெளி விட்டோம்.

மாட்டும்போது இன்னொன்றைக் கற்றேன். சட்டங்களைச் சுவரோடு நேராக மாட்டியதும் சாதாரணக் கண்ணாடி போட்டவற்றில் மறுபடி வானம் விழுந்தது. அதே சுவரில், சற்று மேலே, முன்னோர்களின் பழைய படங்கள் தொங்கின. எல்லாம் மேல்பக்கம் முன்னே சாய்ந்து, தலை குனிந்து பார்ப்பது போல. ஏணியில் ஏறிப் பார்த்தேன். அவற்றின் கண்ணாடியில் வானம் இல்லை, எதிர்ப்பத்தியின் நிழல்தான் இருந்தது. முன்னே சாய்த்தால் கண்ணாடி திருப்பித் தரும் பிம்பம் கீழே இறங்கிவிடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் படங்கள் சாய்ந்து தொங்குவதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். இந்தப் பயனை அன்றுதான் கண்டேன். எங்கள் சட்டங்களையும் மேலே கயிறு விட்டு அதே அளவுக்குச் சாய்த்தோம். நான்கு விலை உயர்ந்த அக்ரிலிக்கில் இரண்டு தேவையே இல்லை என்று தெரிந்தது.

பின்னர்

கார்த்திகையில் மாட்டி முடித்தோம். தையில் பின்பகுதியைப் பிரித்தார்கள். மூன்றாவது தூணை விற்க வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டதால் அது இப்போது முகப்பில் படுக்கையாகக் கிடக்கிறது, ஆணியோடு.

மாட்டிய அன்றே வளவுப் பத்தித் தூணில் இரண்டு சோதனைத் துண்டுகளை ஒட்டியிருந்தேன், ஒன்று முதல் தாள், ஒன்று ராக் தாள். இரண்டிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தேன். 15 மாதம் கழித்து, மாசியில் போய் அட்டையை எடுத்தேன். முதல் தாளில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையே கோடு போட்டது போல வித்தியாசம். திறந்த பக்கம் நீலம் செத்து மஞ்சளாகியிருந்தது. ஊதா விளக்கில் அந்தப் பக்கம் பாதிக்கு மேல் அணைந்துவிட்டது. ராக் துண்டில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் கறுப்பு அப்படியே இருந்தது. மாறியது தாளின் வெள்ளைதான்.

18 பிரிண்ட்டில் ஒன்றில் மட்டும் கீழ் விளிம்பு லேசாக அலையாகியிருந்தது. சட்டத்தைத் திறந்து பார்த்தால், அந்த ஒன்றில் மட்டும் மேலே கீலோடு கீழ் விளிம்பிலும் டேப் ஒட்டியிருந்தார்கள். எடுத்துவிட்டு மறுபடி தொங்கவிட்டேன்.

இப்போது செய்வது

வீட்டைப் பார்க்காமல் தாள் எடுப்பதில்லை. முதல் தடவை போகும்போதே ஊதா விளக்கும், நான்கைந்து வெற்றுத் தாள் துண்டுகளும் கூட வரும். பிரிண்ட் இல்லாமல் வெற்றுத் தாளையே சுவரில் பகலும் இரவும் வைத்துப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும் என்று இப்போது தெரிகிறது. அந்த ஒரு நாளை அன்று செலவழித்திருந்தால் ஆறு ஏ2 தாளும் மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

இருட்டில் என்ன இருக்க வேண்டும் என்று படமெடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்கிறேன். எடுத்த பிறகு கேட்டதால் இரண்டு படங்களில் அவர் தேடிய பொருள் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அவற்றை மறுபடி எடுக்க முடியாது, இடமே இல்லை.

சோதனைத் துண்டுகளுக்கான செலவை மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்டுகிறேன். இந்த வேலையில் 40-க்கு மேல் துண்டு அடித்தேன், கணக்கில் ஒன்றும் இல்லை. மழை மாதங்களில் பெரிய பருத்தித் தாள் வேலையை முடிந்தவரை ஏற்பதில்லை. ஏற்றால் ஈரப்பதமானி பார்த்துத்தான் பொட்டலம் பிரிப்பேன். ஒவ்வொரு பிரிண்ட்டின் பின்னாலும் தாளின் பெயர், மை வகை, வளைகோட்டின் கோப்புப் பெயர், தேதி ஆகியவற்றை விளிம்பில் மென்பென்சிலால் எழுதுகிறேன். ஒன்று கெட்டால் அதே போல இன்னொன்று அடிக்க அது இல்லாமல் முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவர் அதே 18 படங்களையும் கேட்டிருக்கிறார். அடுக்குமாடி வீடு, வர்ணம் பூசிய சுவர், பெரும்பாலும் எல்இடி வெளிச்சம். கோப்பை அப்படியே அடித்து அனுப்பவில்லை. ராக் தாளிலும் பேம்பூ தாளிலும் ஆணி உள்ள பகுதியை மட்டும் அடித்துத் தபாலில் போட்டிருக்கிறேன். ராத்திரி அவர்கள் கூடத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, எதில் ஆணி தெரிகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.